சிலிகாவில் எத்தனை டால்பின்கள்? கணக்கெடுப்பு எண்ணுக்குப் பின்னால் உள்ள கணக்கு

ஒடிசாவின் சிலிகா ஏரியில் ஏறக்குறைய ஒவ்வொரு குளிர்காலத்திலும் டால்பின் கணக்கெடுப்பு நடத்தப்படுகிறது. முடிவு அறிவிக்கப்பட்டதும் "டால்பின்கள் எண்ணிக்கை உயர்வு" என்றோ "எண்ணிக்கை சரிவு" என்றோ செய்திகள் வெளியாவது வழக்கம். அண்மை ஆண்டுகளில் இந்த எண் 150-ஐ ஒட்டியே இருந்து வருகிறது. சில ஆண்டுகளில் சற்றுக் கூடுகிறது, சில ஆண்டுகளில் சற்றுக் குறைகிறது.

இந்தச் சிறு ஏற்ற இறக்கத்துக்கு எவ்வளவு பொருள் உண்டு என்பதே கேள்வி. முந்தைய ஆண்டைவிட ஐந்து கூடியிருந்தால், ஐந்து குட்டிகள் பிறந்து பிழைத்தன என்று கொள்ளலாமா? அல்லது கணக்கெடுப்பு நாளில் காற்று அடங்கியிருந்ததால், முன்பு கண்ணுக்குத் தப்பியவை இம்முறை தென்பட்டன என்று கொள்ள வேண்டுமா? பல்லாயிரம் விலங்குகள் வாழும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிதல்ல. மொத்தமே நூறு, நூற்றைம்பது என்ற அளவில் உள்ள ஒரு கூட்டத்தில் அது மிகப் பெரிது.

ஏரியும் அதன் டால்பினும்

பூரி, குர்தா, கஞ்சம் ஆகிய மூன்று மாவட்டங்களைத் தொட்டு விரிந்துள்ள சிலிகா, கடல்நீரும் ஆற்றுநீரும் கலக்கும் உவர்நீர் ஏரியாகும். கோடையில் சுமார் 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் இதன் பரப்பு, மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். 1981-ஆம் ஆண்டு இது ராம்சர் உடன்படிக்கையின் கீழ் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வண்டல் படிந்து கடலுடனான தொடர்பு நலிந்த நிலையில், 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. அதன் பின்னர் ஏரியின் உவர்ப்பும் மீன்வளமும் மீண்டன. சுமார் 2 லட்சம் மீனவ மக்களின் வாழ்வாதாரம் இந்த ஏரியைச் சார்ந்துள்ளது.

இங்கு வாழ்வது ஐராவதி டால்பின். மியான்மரின் ஐராவதி ஆற்றின் பெயரைத் தாங்கியிருந்தாலும், அறிவியல் உலகம் இதனை முதலில் அறிந்தது இந்தியக் கரையில்தான். 1852-ஆம் ஆண்டு விசாகப்பட்டினம் துறைமுகத்தில் கிடைத்த ஒரு மாதிரியைக் கொண்டு, ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1866-இல் இந்த இனத்தை விவரித்தார். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2017-ஆம் ஆண்டு இதனை அருகிவரும் இனங்களின் பட்டியலில் வைத்தது. இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இது இடம்பெற்றுள்ளது.

எண்ணுவதற்கு எளிதான விலங்கு அன்று இது. திரைப்படங்களில் காண்பதுபோல் படகின் முன்னால் துள்ளிப் பாய்வது இதன் இயல்பல்ல. நீண்ட மூக்கு இல்லாத உருண்டைத் தலை, முதுகில் சிறிய மழுங்கிய துடுப்பு. கலங்கிய நீரில் ஓசையின்றி மேலெழுந்து, ஒரு மூச்சு வாங்கி, மீண்டும் மூழ்கிவிடும். எழுந்த இடத்திலேயே அடுத்த முறையும் எழும் என்ற உறுதியும் இல்லை. சாதபாடாவில் படகு ஏறிச் சென்று, இரண்டு மணி நேரம் காத்திருந்து, ஒரு கருஞ்சாம்பல் முதுகின் மின்னலை மட்டும் பார்த்துத் திரும்பும் சுற்றுலாப் பயணிகளுக்கு இது நன்கு தெரியும்.

எண்ணுதல் வேறு, மதிப்பீடு வேறு

அரசுக் கணக்கெடுப்பின் அடிப்படை எளியது. ஏரி பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. பல குழுக்கள் ஒரே நாளில், ஒரே நேரத்தில், வகுக்கப்பட்ட தடங்களில் படகில் செல்கின்றன. கண்ட டால்பின்களை இடம், நேரம் ஆகியவற்றுடன் குறித்துக்கொள்கின்றன. இறுதியில் எல்லாக் குழுக்களின் எண்களும் கூட்டப்படுகின்றன.

இதில் பிழை இரு திசைகளிலும் நேரலாம். படகு கடக்கும் வேளையில் நீருக்கடியில் இருக்கும் டால்பின் கணக்கில் வராது. மேலே வந்தாலும், அலையின் ஊடே அதனைக் கவனிக்கத் தவறலாம். இவை எண்ணைக் குறைக்கும். மறுபுறம், ஒரு குழு கண்ட டால்பின்களே நகர்ந்து சென்று அடுத்த குழுவின் கண்ணிலும் படலாம். மாறி மாறி எழும் நான்கு டால்பின்கள் ஆறாகத் தோன்றலாம். இவை எண்ணைக் கூட்டும். இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும் என்று எதிர்பார்க்க எந்தக் காரணமும் இல்லை. ஆண்டுக்கு ஆண்டு காற்று, நீரின் கலங்கல், குழுவினரின் அனுபவம் ஆகியவை மாறும்போது பிழையின் அளவும் மாறுகிறது.

சிலிகாவின் பழைய எண்களே இதற்குச் சான்று. 2006-ஆம் ஆண்டு அரசுக் கணக்கெடுப்பு 131 டால்பின்கள் என்றது. 2007-இல் 135, 2008-இல் 138 என அறிவிக்கப்பட்டது. 2004 முதல் 2006 வரையிலான காலத்தில், புகைப்படங்களைக் கொண்டு தனித்தனி டால்பின்களை அடையாளம் கண்டு மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, மொத்தம் சுமார் 110 என்று மதிப்பிட்டது. ஏறக்குறைய ஒரே காலம், ஒரே ஏரி. இடையே இருபது டால்பின்கள் வேறுபாடு. எனவே 131 என்பது 135 ஆனதைக் கொண்டு கூட்டம் வளர்ந்தது என்று முடிவு செய்ய இயலாது. அளவுகோலின் பிழையே இருபது அளவுக்கு இருக்கக்கூடிய இடத்தில் நான்கின் மாற்றத்தைப் படிக்க முடியாது.

தவறவிட்டவற்றையும் கணக்கில் சேர்க்கும் புள்ளியியல் முறைகள் உள்ளன. அவற்றில் ஒன்று தொலைவு அளவீட்டு முறை. படகு நேர்கோட்டில் செல்லும். ஒவ்வொரு டால்பினும் அக்கோட்டில் இருந்து எவ்வளவு தொலைவில் தென்பட்டது என்று அளக்கப்படும். தொலைவு கூடக் கூடக் கண்ணில் படுபவை எந்த வேகத்தில் குறைகின்றன என்பதைக் கொண்டு, காணாமல் விடுபட்டவற்றின் அளவு கணிக்கப்படும். வங்கதேசத்தின் திறந்த கடலோரப் பகுதியில் 2004-ஆம் ஆண்டு நடந்த இத்தகைய ஆய்வு, அங்கு சுமார் 5,400 ஐராவதி டால்பின்கள் இருப்பதாக மதிப்பிட்டது.

ஆனால் இம்முறை நம்பகமாக அமைய, குறைந்தது 60 முதல் 80 முறையாவது டால்பின் கூட்டங்கள் தென்பட வேண்டும் என்பது நூல் விதி. சிறிய கூட்டத்தில் அத்தனை காட்சிகள் கிடைப்பது அரிது. எங்கே துல்லியம் மிகவும் தேவையோ அங்கே தரவு மிகவும் குறைவு என்பதுதான் சிறிய கூட்டங்களின் அடிப்படைச் சிக்கல்.

துடுப்பில் உள்ள அடையாளம்

சிறிய கூட்டங்களுக்குப் பொருத்தமானது "குறியிட்டு மீண்டும் பிடித்தல்" என்ற முறை. டென்மார்க்கின் மீன் ஆய்வாளர் பீட்டர்சன் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், அமெரிக்காவின் பறவை ஆய்வாளர் லிங்கன் 1930-இலும் பயன்படுத்திய கணக்கு இது. டால்பின்களை உண்மையில் பிடிக்க வேண்டியதில்லை. முதுகுத் துடுப்பின் விளிம்பில் உள்ள வெட்டு, பிளவு, தழும்பு ஆகியவையே குறி, கேமராவே வலை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். இவை விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்ட எண்கள். முதல் சுற்றில் தெளிவான துடுப்பு அடையாளம் கொண்ட 40 டால்பின்கள் படம் பிடிக்கப்படுகின்றன. சில வாரங்கள் கழித்து நடக்கும் இரண்டாம் சுற்றில் 45 டால்பின்கள் படம் பிடிக்கப்படுகின்றன. அவற்றில் 20, முதல் சுற்றில் கண்டவையே. இரண்டாம் சுற்றில் கண்டவற்றில் பழையவை 45-க்கு 20 என்றால், மொத்தக் கூட்டத்திலும் அந்த 40 டால்பின்கள் அதே விகிதத்தில்தான் இருக்க வேண்டும். 40-ஐ 45-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 90 கிடைக்கும். இது அடையாளம் உள்ளவற்றின் எண்ணிக்கை மட்டுமே. குட்டிகளுக்கும் இளம் டால்பின்கள் பலவற்றுக்கும் துடுப்பில் குறி இருக்காது. நான்கில் மூன்று டால்பின்களுக்கே குறி உண்டு என்று படங்களில் இருந்து தெரிந்தால், 90-ஐ 0.75-ஆல் வகுக்க வேண்டும். கூட்டத்தின் மொத்த மதிப்பீடு 120.

இப்போது ஒரு சிறு தவறைப் புகுத்திப் பார்ப்போம். இரண்டாம் சுற்றின் மூன்று படங்கள் மங்கலாக இருந்தன; அவை பழைய டால்பின்களே என்பதை ஆய்வாளர் உணராமல், புதியவை எனப் பதிந்துவிட்டார். மீண்டும் கண்டவை 20-க்குப் பதில் 17 ஆகிவிடும். அதே கணக்கைச் செய்தால், அடையாளம் உள்ளவை 106, மொத்தம் 141. மூன்று மங்கலான படங்கள் ஏரியில் 21 டால்பின்களைப் பிறப்பித்துவிட்டன. தரம் குறைந்த படங்களை ஆய்வாளர்கள் இரக்கமின்றி ஒதுக்குவதும், ஒவ்வொரு ஒப்பீட்டையும் இருவர் தனித்தனியே சரிபார்ப்பதும் இதனால்தான்.

இம்முறைக்கு வேறு நிபந்தனைகளும் உண்டு. இரு சுற்றுகளுக்கு இடையே டால்பின்கள் வெளியிலிருந்து வரவோ வெளியேறவோ கூடாது; அல்லது அந்தப் போக்குவரத்தைக் கணக்கில் கொள்ளும் மாதிரி தேவை. எல்லா டால்பின்களும் கேமராவில் சிக்க ஏறக்குறைய ஒரே வாய்ப்புடன் இருக்க வேண்டும். படகைக் கண்டதும் விலகிச் செல்லும் கூச்சமுள்ள டால்பின்கள் இந்த நிபந்தனையை உடைக்கின்றன. சிலிகாவில் இது வெறும் ஏட்டுச் சிக்கல் அல்ல. படகுகளின் நெரிசல் மிக்க வெளிக்கால்வாயில் வாழும் டால்பினும், ஏரியின் அமைதியான பகுதியில் வாழும் டால்பினும் படகை ஒரே விதமாக எதிர்கொள்ளும் என்று சொல்வதற்கில்லை.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். ஆய்வாளருக்கு உதவும் அந்தத் துடுப்புக் குறிகளில் சில, டால்பின்கள் தங்களுக்குள் மோதியதால் வந்தவை. மற்றவை வலை அறுத்ததாலும், படகு என்ஜினின் விசிறி வெட்டியதாலும் வந்தவை. எளிதில் அடையாளம் காணப்படும் டால்பின், பல நேரங்களில் சாவில் இருந்து தப்பிய டால்பின்.

மவுய் டால்பின்கள்: 111, 55, 63, 54

எண்களை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதற்கு, சிலிகாவைவிடச் சிறிய ஒரு கூட்டம் தெளிவான பாடமாக உள்ளது. நியூசிலாந்தின் வடக்குத் தீவின் மேற்குக் கரையில் மட்டும் வாழ்பவை மவுய் டால்பின்கள். 2004-ஆம் ஆண்டு விமானத்தில் இருந்து நடத்தப்பட்ட கணக்கெடுப்பு அவற்றை 111 என்று மதிப்பிட்டது. அந்த எண்ணுடன் ஓர் இடைவெளியும் தரப்பட்டது: உண்மையான அளவு 48 முதல் 252 வரை எங்கும் இருக்கலாம்.

பின்னர் முறை மாற்றப்பட்டது. சிறு அம்பு போன்ற கருவியால் டால்பினின் தோலில் இருந்து மிகச் சிறு துணுக்கு எடுக்கப்பட்டு, அதன் மரபணுவே குறியாகக் கொள்ளப்பட்டது. மரபணுவில் தழும்பு ஆறுவதில்லை; குறியில்லாத டால்பின் என்று ஒன்றும் இல்லை. 2010-11 ஆய்வில், ஒரு வயதைக் கடந்தவை 55 என மதிப்பிடப்பட்டது. இடைவெளி 48 முதல் 69. 2015-16-இல் மதிப்பீடு 63. இடைவெளி 57 முதல் 75. 2020-21-இல் 54, இடைவெளி 48 முதல் 66.

இந்த எண்களைத் தலைப்புச் செய்திகளாக எழுதினால் "மவுய் டால்பின்கள் பாதியாகச் சரிவு", "மீண்டும் உயர்வு", "மீண்டும் வீழ்ச்சி" என்று மூன்று செய்திகள் கிடைக்கும். மூன்றையும் தரவு உறுதி செய்யவில்லை. 2004-இன் இடைவெளிக்குள்ளேயே 55-ம் அடங்கும். அதோடு விமானக் கணக்கெடுப்பும் மரபணு முறையும் ஒரே பொருளை அளக்கவில்லை. 63-இன் இடைவெளியும் 54-இன் இடைவெளியும் 57-க்கும் 66-க்கும் இடையே ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றே: பத்தாண்டுகளாக இந்தக் கூட்டம் மிகச் சிறியதாகவே உள்ளது, மீண்டு எழுந்ததற்கான தெளிவான அடையாளம் இல்லை. நியூசிலாந்து அரசு அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்காமல், 2020-ஆம் ஆண்டு இந்தக் கரையோரத்தில் வலைகளுக்கான தடைப் பரப்பை விரிவுபடுத்தியது.

காத்திருப்பதன் விலை

"இடைவெளி அகலமாக இருந்தால் இன்னும் சில ஆண்டுகள் எண்ணிப் பார்த்து, உறுதியான பின் முடிவெடுக்கலாமே" என்று கேட்கத் தோன்றும். சிறிய கூட்டங்களில் அந்தக் காத்திருப்பே ஆபத்து.

110 டால்பின்கள் கொண்ட ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்ற வேகத்தில் குறைகிறது என்று கொள்வோம். ஐந்து ஆண்டுகளில் அது 85 ஆகிவிடும்; பத்து ஆண்டுகளில் 66. ஓரளவு நல்ல புகைப்பட ஆய்வு, முதல் ஆண்டில் 110 என்று மதிப்பிட்டு, அதற்கு 82 முதல் 147 வரை என இடைவெளி தரும். அப்படியானால் கால்பங்கு டால்பின்கள் மறைந்த பின்னரும், ஐந்தாம் ஆண்டின் 85 என்ற எண் முதல் ஆண்டின் இடைவெளிக்குள்ளேயே நிற்கும். "புள்ளியியல் அடிப்படையில் மாற்றம் இல்லை" என்று அறிக்கை எழுதலாம். அந்த வாசகத்தில் பிழை காணவும் முடியாது. ஏரியில் மட்டும் 25 டால்பின்கள் இருக்கமாட்டா.

ஆகவே "மாற்றம் காணப்படவில்லை" என்பதும் "மாற்றம் இல்லை" என்பதும் ஒன்றல்ல. அறிக்கைகளில் அடிக்கடி குழப்பிக்கொள்ளப்படும் இடம் இதுவே.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் கடல்வாழ் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1994-ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம் ஒரு வழியைக் காட்டியது. மனிதச் செயல்களால் ஆண்டுக்கு எத்தனை விலங்குகள் இறந்தால் கூட்டம் தாங்கும் என்பதைக் கணக்கிட அது ஒரு சூத்திரத்தைப் பயன்படுத்துகிறது. அதில் நடு மதிப்பீடு இடம்பெறுவதில்லை; இடைவெளியின் கீழ்ப்பகுதியில் இருந்து எடுக்கப்படும் குறைந்தபட்ச மதிப்பீடே இடம்பெறுகிறது. அந்த எண்ணை, கூட்டத்தின் அதிகபட்ச வளர்ச்சி வீதத்தின் பாதியால் பெருக்க வேண்டும். டால்பின்களுக்கு அதிகபட்ச வளர்ச்சி ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று பொதுவாகக் கொள்வதால், பாதி என்பது 2 விழுக்காடு. பின்னர், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுக்கு 0.1 என்ற பாதுகாப்புக் காரணியாலும் பெருக்க வேண்டும்.

குறைந்தபட்ச மதிப்பீடு 100 என்றால் விடை 0.2. அதாவது ஐந்து ஆண்டுகளில் ஒரு டால்பின். மவுய் டால்பின்களுக்கு 2012-ஆம் ஆண்டு இதே முறையில் கணக்கிட்டபோது, 10 முதல் 23 ஆண்டுகளுக்கு ஒரு டால்பின் என்ற எல்லை கிடைத்தது. ஒரே ஒரு செவுள் வலை, ஒரே ஓர் இரவில் அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

இச்சூத்திரத்தில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரே 110 என்ற மதிப்பீட்டுக்கு, ஆய்வு துல்லியமாக இருந்தால் குறைந்தபட்ச எண் 97 என வரும். ஆய்வு மிகவும் தளர்வாக இருந்தால் 74 என்று இறங்கும். எண் தெளிவில்லாதபோது கட்டுப்பாடு கடுமையாகிறது. நன்றாக எண்ணினால் தளர்கிறது. அறியாமையின் சுமை டால்பின் மீது விழாமல், அதன் நீரைப் பயன்படுத்துவோர் மீது வைக்கப்படுகிறது. இந்தியாவில் இத்தகைய எல்லை சட்டமாக இல்லை. சிலிகா மீனவர்களின் வருவாயைத் தொடும் எந்தக் கட்டுப்பாட்டுக்கும் இச்சூத்திரத்தை அப்படியே பொருத்துவது நியாயமா என்பது தனி விவாதத்துக்குரியது. எனினும், எண்ணோடு இடைவெளியையும் வெளியிட்டால்தான் அந்த விவாதத்தையே தொடங்க முடியும்.

கணக்கெடுப்பு முறை ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் இருப்பதும் அதே அளவு முக்கியம். கூடுதல் படகுகளையும் புதிய கருவிகளையும் கொண்டு ஓர் ஆண்டு கணக்கெடுத்தால் கூடுதல் டால்பின்கள் தென்படும்; அது டால்பின்களின் வளர்ச்சி ஆகாது. முறையை மேம்படுத்தும்போது பழைய முறையையும் சில ஆண்டுகள் உடன் நடத்தினால் மட்டுமே இரண்டையும் ஒப்பிட முடியும். செலவு இரட்டிப்பாகும் என்பதால் இது பெரும்பாலும் கைவிடப்படுகிறது.

இடைவெளி தேவைப்படாத ஓர் எண்ணும் சிலிகாவில் உண்டு. கரை ஒதுங்கிய டால்பின் உடல்களின் எண்ணிக்கையே அது. ஒவ்வோர் உடலும் உறுதியான ஒன்று. அதன் தோலில் வலைக்கயிற்றின் தடமோ விசிறியின் வெட்டோ இருந்தால் காரணமும் கிடைக்கிறது. ஆனால் இறந்தவை எல்லாம் கரை சேர்வதில்லை. நீர்க்களைகளுக்குள் சிக்கியவையும் முகத்துவாரம் வழியே கடலுக்குள் போனவையும் எவர் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே அந்த எண் உண்மை இறப்பின் கீழ் எல்லை மட்டுமே. ஏரியில் உள்ள டால்பின்கள் நூற்றைம்பது ஆனாலும் நூற்றுப்பத்து ஆனாலும், ஓர் ஆண்டில் மூன்று உடல்கள் கிடைத்தாலே, மேற்கண்ட கடுமையான கணக்கின்படி பத்து ஆண்டுகளுக்கான அளவு ஒரே ஆண்டில் தீர்ந்துவிட்டது என்று பொருள்.